பெயரைப் பார்த்ததும் மனசு எடுக்கும் முடிவு



அமெரிக்காவின் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் இரண்டு ஆய்வாளர்கள் சுமார் 5,000 கற்பனை வேலை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதிக்கும் பெயருக்கும் சம்பந்தம் வைக்கவில்லை. பெயர்களைக் குலுக்கல் முறையில் வைத்தார்கள். வெள்ளையர் பெயர் என்றால் 10 விண்ணப்பத்துக்கு ஒரு அழைப்பு. கறுப்பினத்தவர் பெயருக்கு 15 அனுப்பணும். 2004-ல் வெளியான ஆய்வு இது.

எல்லோரும் வேண்டுமென்றே ஒதுக்கினாங்கன்னு சொல்ல முடியாது. மனசு தெரியாமலே செய்யும்.

நானும் செய்தேன். டீமுக்கு ஆள் எடுக்கும்போது, கேள்விப்படாத கல்லூரி என்று ஒரு ரெஸ்யூமை ஓரம் வைத்தேன். பிறகு அந்தத் தம்பி எழுதிய புரோகிராமைப் பார்த்தால், என்னுடையதை விட சுத்தம். இத்தனைக்கும் நான் படிச்சதும் யாருக்கும் தெரியாத கல்லூரிதான்!

இப்போ பெயரையும் கல்லூரியையும் மறைச்சுட்டுத்தான் பார்க்கிறேன். நீங்களும் ஒருவரை வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடி, காரணத்தை எழுதிப் பாருங்க.