குழியிலிருந்து தொடங்குங்கள்: திருப்பதி, சித்தூர்க் குடும்பங்களுக்கு ஒரு குட்டி கோல்ஃப் வழிகாட்டி

வீட்டில் ஆறேழு வயதுப் பிள்ளை இருக்கிறது, ஒருமுறையாவது கோல்ஃப் மட்டையைக் கையில் பிடிக்க வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறீர்களா? திருப்பதியிலோ சித்தூரிலோ இருந்து கிளம்புகிறவர்களுக்கு இரண்டு வழி உண்டு. மேற்கே போனால் பெங்களூர், தென்கிழக்கே போனால் சென்னை. சித்தூரிலிருந்து பெங்களூர் சுமார் 180 கிலோமீட்டர். திருப்பதியிலிருந்து சென்னை சுமார் 140. மலையேறித் தரிசனம் முடித்து ஊர் திரும்புகிற தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே இரண்டு சாலைகள்தான். ஆகவே தனிப் பயணம் போட வேண்டும் என்றில்லை, திரும்பும் வழியில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கினால் போதும்.

போவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முழுக் கோல்ஃப் திடல் என்பது 18 குழி, ஏறக்குறைய 6,000 மீட்டர், ஆடி முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல். இதைப் பிள்ளையின் தலையில் முதல் நாளே கட்டினால் மூன்றாவது குழியில் அழுகை வந்துவிடும். உலகம் முழுக்கக் குழந்தைகளுக்கும் புதிதாக ஆட வருகிறவர்களுக்கும் குறுந்திடல்கள் போட்டிருப்பது இதற்காகத்தான். ஒன்பது குழி, ஒவ்வொன்றும் மூன்று முறை அடித்து முடிக்க வேண்டிய தூரம், மொத்தம் 27 முறை அடிப்பது என்பது அவற்றில் பரவலான அமைப்பு. அதைவிடச் சிறியது ‘பிட்ச் அண்ட் பட்’. சர்வதேச விதிப்படி அதில் எந்தக் குழியும் 90 மீட்டரைத் தாண்டாது, 18 குழியும் சேர்ந்து 1,200 மீட்டருக்குள் அடங்கிவிடும். அமெரிக்காவில் பைன்ஹர்ஸ்ட் என்ற பெயர்போன கோல்ஃப் ஊரில் 2017இல் திறந்த ‘தி கிரேடில்’ திடலின் ஒன்பது குழிகளும் சேர்ந்தே 789 கஜம்தான். பெரிய திடல்கள் அத்தனை இருந்தும் அந்த ஊர் இதற்கென்று இடம் ஒதுக்கியது.

நம் பக்கத்துக் கிளப்புகள் பெரும்பாலும் பெரியவர்களுக்காக, உறுப்பினர்களுக்காக அமைந்தவை. அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். எந்தக் கிளப்பிலும் ஒரு ‘பட்டிங் கிரீன்’ இருக்கும். புல்லை ஒட்ட வெட்டி, வழவழவென்று வைத்து, ஐந்தாறு குழி தோண்டிய பயிற்சித் தரை அது. உங்கள் பிள்ளையின் முதல் திடல் அதுதான்.

ஏன் அங்கே? கோல்ஃப் குழியில் முடிகிற ஆட்டம். குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர், பந்தின் குறுக்களவு 43 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. இரண்டு அடி தூரத்திலிருந்து பிள்ளை பந்தை உருட்டி, அது குழிக்குள் ‘டொக்’ என்று விழும் சத்தம் கேட்டுவிட்டால், அடுத்து மூன்றடி தள்ளி நிற்கும், பிறகு ஐந்தடி. நீங்கள் சொல்லவே வேண்டாம். மாறாக நேரே டிரைவிங் ரேஞ்ச் என்னும் தூர அடிப் பயிற்சி இடத்துக்குக் கூட்டிப்போய் ஒரு வாளிப் பந்தை முன்னால் கொட்டி ‘ஓங்கி அடி’ என்றால், பத்துக்கு எட்டு வீச்சு பந்தில் படாமல் காற்றில் போகும். கை வலிக்கும், சலிப்பு வரும். குழியிலிருந்து பின்னோக்கி நடந்து வரட்டும், தூரத்துக்கு அடிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. பெங்களூரில் 1998இல் பிறந்த அதிதி அசோக் ஐந்து வயதில் கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன் திடலில் மட்டையைப் பிடித்தவர். அவரும் பட்டிங் கிரீனில்தான் தொடங்கினார். 18 வயதில் ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார், அப்பா அங்கே கேடியாக, அதாவது மட்டைப் பை தூக்கும் துணையாளாக இருந்தார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அம்மா பை சுமக்க, நான்காம் இடம். ஒரே ஓர் அடியில் பதக்கம் கைநழுவியது. அவரைவிட வெகுதூரம் அடிக்கிற பெண்கள் அந்தப் போட்டியில் நிறையப் பேர் இருந்தார்கள். கடைசி நாள்வரை அவரைப் பதக்கப் போட்டியில் நிறுத்தியது பந்தைக் குழிக்கு உருட்டும் ‘பட்டர்’ மட்டைதான்.

பெங்களூர் வழி

திருப்பதி, சித்தூர், பலமநேர், முல்பாகல், கோலார், ஹொஸ்கோட்டே என்று நேர்ச்சாலை. சித்தூர் தாண்டியதும் மொகிலி கணவாய் வரும். வண்டியில் குமட்டல் வரும் பிள்ளையென்றால் சித்தூரில் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். கணவாய் ஏறி முடித்தால் காற்று மாறிவிடும், திருப்பதி வெயிலுக்குப் பிறகு பலமநேரே குளிர்ச்சியாகத் தோன்றும். சாப்பாட்டை முல்பாகலுக்கு ஒத்திப்போடுங்கள். வெளியே முறுகலாகவும் உள்ளே பஞ்சாகவும் வார்க்கும் முல்பாகல் தோசையைத் தேடியே இந்தச் சாலையில் வண்டி நிறுத்துகிறவர்கள் உண்டு.

நேரம் இருந்தால் பலமநேரிலிருந்து வி.கோட்டா வழியாகக் கோலார் தங்கவயலுக்குத் திரும்பலாம். சித்தூர், வட ஆற்காடு பக்கங்களிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்ட ஊர். சுரங்கத்து ஆங்கிலேய அதிகாரிகள் தங்கள் பொழுதுபோக்குக்குக் கிளப்பும் கோல்ஃப் திடலும் அங்கே அமைத்துக்கொண்டார்கள். சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. சயனைடு மண்மேடுகள் இன்னும் மலைபோல நிற்கின்றன. பிள்ளைக்குத் தூரத்திலிருந்து காட்டுங்கள், ஏறி விளையாட விடாதீர்கள்.

பெங்களூரில் இரண்டு பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று ஹை கிரவுண்ட்ஸில் இருக்கும் பெங்களூர் கோல்ஃப் கிளப், 1876இல் தொடங்கியது. நகரம் நெருக்கிக்கொண்டு வளர்ந்த நடுப்பகுதியில் இருப்பதால் திடலே கைக்கு அடக்கமானது. இரண்டாவது, பழைய விமான நிலையச் சாலையில் இருக்கும் கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன். அதிதி தொடங்கிய இடம் இதுதான். 2009இல் இந்தியன் ஓப்பன் வென்ற முனியப்பாவும் பெங்களூர்த் திடல்களில் கேடியாகப் பை சுமந்து ஆட்டம் கற்றவர். கேடிகளை உங்கள் பிள்ளை ‘அண்ணா’ என்று கூப்பிடப் பழகட்டும். எந்தச் சரிவில் பந்து எந்தப் பக்கம் ஓடும் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

சென்னை வழி

ரயிலில் வருவது சுலபம். திருப்பதியிலிருந்து வரும் ரயிலில் சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவின் நீலத் தடத்தில் ஏறினால் வண்டி மாறாமல் நந்தனம். காஸ்மோபாலிட்டன் கிளப்பும் தமிழ்நாடு கோல்ஃப் கூட்டமைப்பும் சேர்ந்த காஸ்மோ திடல் நந்தனத்தில், அண்ணா சாலையை ஒட்டி இருக்கிறது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் மோதும் சென்னை ஓப்பன் நடக்கும் திடல் இது. முதல் நாளே வந்து தங்கிவிட்டுக் காலை ஆறரைக்கெல்லாம் திடலில் இருப்பது நல்லது. எட்டரைக்கு மேல் சென்னை வெயிலில் பிள்ளையை நிறுத்தாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் தரை ஊறிக் கிடக்கும், பந்து உருளாது. தை, மாசி இரண்டும் தோதானவை.

திருமலையில் மொட்டை போட்ட கையோடு வருகிறவர்களுக்கு ஒரு சொல்: தலையில் சந்தனம் காய்ந்த பிள்ளைக்கு உச்சி வெயில் சட்டென்று ஏறும். காதுவரை இறங்கும் பருத்தித் தொப்பி கட்டாயம் வேண்டும். முன்பக்கம் மட்டும் மறைக்கும் தொப்பி போதாது, குனிந்து பட்டர் பிடிக்கும்போது பிடரியில்தான் வெயில் விழும்.

எந்த ஊரானாலும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்காதீர்கள். கிளப் அலுவலகத்துக்குப் போன் போட்டு, உறுப்பினரல்லாதவரின் பிள்ளையைப் பட்டிங் கிரீனில் விடுவார்களா, எத்தனை வயதிலிருந்து, பயிற்சியாளர் எந்த நேரத்தில் இருப்பார், சின்ன மட்டைகள் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். பெரியவர் மட்டையை அறுத்துக் குட்டையாக்கித் தருகிற வழக்கம் ஒன்று இருக்கிறது, அது வேண்டாம். தலைக் கனம் அப்படியே இருக்க, கம்பு மட்டும் விறைத்துப்போகும். பிள்ளை உடம்பையே வளைத்து அடிக்கத் தொடங்கும், பின்னால் அதை மாற்றப் பாடாய்ப் படவேண்டும். பிள்ளையின் உயரத்துக்கு அளந்து செய்த இலகுவான மட்டைகள் கிடைக்கின்றன. விதிப்படி பையில் 14 மட்டைவரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் உங்களுக்கு இப்போது பட்டர், பந்தைக் குறுந்தூரம் தூக்கி அடிக்க ஒரு வெட்ஜ், ஒரு ஏழாம் எண் இரும்பு மட்டை, இவை மூன்றே போதும். உடை விஷயத்தில் கிளப்புகள் கறார்: காலர் வைத்த டி-ஷர்ட், ஜீன்ஸ் கூடாது, கால்பந்து ஷூவும் கூடாது. வழுக்காத சாதாரண ஷூ போதும்.

உள்ளே போனதும் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம் எட்டி நிற்பது. யாராவது மட்டையை ஓங்கினால் அவருக்குப் பின்னால், நாலைந்து மட்டை தூரம் தள்ளி அசையாமல் நிற்க வேண்டும். பந்து வருகிறது என்று எச்சரிக்க ‘ஃபோர்!’ என்று யாராவது கத்தினால் அண்ணாந்து பார்க்கக் கூடாது, குனிந்து கைகளால் தலையை மூடிக்கொள்ள வேண்டும். இதை வீட்டிலேயே நாலு தடவை விளையாட்டாகச் செய்து பழக்கிவிட்டு வாருங்கள். கிரீன்மேல் ஓடக் கூடாது, காலைத் தேய்த்து நடக்கக் கூடாது. முதல் நாள் நாற்பது நிமிஷத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பிள்ளை இன்னும் வேண்டும் என்று கேட்டாலும்.

இரண்டாவது, மூன்றாவது முறை வரும்போது, பயிற்சியாளரின் சம்மதத்தோடு ஆளில்லாத நேரத்தில் பெரிய திடலையே குட்டியாக்கிக்கொள்ளலாம். தொடக்க மேடைக்குப் போக வேண்டாம். குழி இருக்கும் கிரீனுக்கு ஐம்பது மீட்டர் முன்னால், ஃபேர்வே என்னும் வெட்டிய புல்வழியில் பந்தை வைத்து அங்கிருந்து ஆடச் சொல்லுங்கள். இப்படி மூன்று குழி முடித்தால் அது முழுமையான ஆட்டம்தான். எண்ணிக்கையை அட்டையில் பிள்ளையே எழுதட்டும்.

பிரிட்டனில் பிள்ளைகளோடு இருக்கும் உறவுக்காரர்கள் வீட்டுக்கு நீங்கள் போகும் வாய்ப்பு இருந்தால், எடின்பரோவிலிருந்து ரயிலில் அரைமணி நேரத் தூரத்தில் இருக்கும் நார்த் பெரிக் ஊரைத் தவறவிடாதீர்கள். கடலோரத்தில் குழந்தைகளுக்கென்றே ஒன்பது குழித் திடல், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறது. பிள்ளை கூட வந்தால்தான் பெரியவர் அங்கே ஆட முடியும். பக்கத்துக் கல்லன் ஊரிலும் இதே ஏற்பாட்டோடு ஆறு குழித் திடல் உண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸில் 1972இல் புதியவர்களுக்காகத் திறந்த பால்கோவ் திடல் இருக்கிறது. ‘ஹிமாலயாஸ்’ என்று எல்லோரும் அழைக்கும் மேடுபள்ளமான பட்டிங் தரை 1867இல் பெண்கள் தொடங்கிய சங்கத்தினுடையது, சிறு கட்டணம் கொடுத்து யாரும் ஆடலாம். ஆட்டத்தின் தாயகமே தன் பிள்ளைகளுக்குத் தனியாக இடம் விட்டிருப்பதைப் பார்க்கும்போது, நம் ஊரிலும் வேண்டும் என்ற ஆசை எனக்குப் பொங்கி வருகிறது.

அது ஆகாத காரியமும் இல்லை. புல் வளர்க்கத் தண்ணீர் எங்கே என்று சித்தூர்க்காரர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. மழை குறைந்த நாடுகளில் கிரீனுக்குப் பதிலாக ‘பிரவுன்’ போடுவார்கள். மணலைச் சலித்து எண்ணெய் கலந்து சமனாகப் பரப்பி, ஆடி முடித்ததும் இழுவைப் பலகையால் தடவி விடுவது வழக்கம். பள்ளி மைதானத்தில் எண்ணெய் வேண்டவே வேண்டாம், மண் கெட்டுப்போகும். நம் செம்மண்ணே போதும். கல், சல்லி பொறுக்கிச் சலித்து, லேசாக நீர் தெளித்து, கிரிக்கெட் பிட்ச்சுக்கு வைத்திருக்கும் உருளையை நாலு முறை ஓட்டுங்கள். ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் தரை கிடைக்கும். நடுவில் பத்து, பதினோரு சென்டிமீட்டர் வாயுள்ள டப்பாவை விளிம்பு மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி புதையுங்கள். அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டால் மழைநீர் நிற்காது. இப்படி மூன்று தரை, இடையில் இருபது, முப்பது, நாற்பது மீட்டர். இருபது மீட்டரை விளிம்பிலிருந்து உருட்டட்டும், மற்ற இரண்டுக்கும் கெட்டிப் பந்து வேண்டாம், பஞ்சுப் பந்தோ பழைய டென்னிஸ் பந்தோ போதும். டென்னிஸ் பந்துக்கு மட்டும் டப்பாவின் வாய் இன்னும் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். ஜூனில் பள்ளி திறந்ததும் உடற்கல்வி ஆசிரியரிடம் பேசிப் பாருங்கள். மைதானத்தில் யாரும் கிரிக்கெட் ஆடாத ஒரு மூலையும், இரண்டு சனிக்கிழமை உழைப்பும் இருந்தால் பத்துப் பிள்ளைகள் மாறி மாறி ஆட இடம் தயார்.