பாடசாலைத் திடலும் சங்கத்தின் கடமையும்



"வயலில் பாடுபடும் பிள்ளைக்குத் தேகப்பயிற்சி எதற்கு?" என்று கிராமத்தார் சிலர் கேட்பதுண்டு. களை பறிப்பவரும் கட்டுச் சுமப்பவரும் நாள் முழுதும் ஒரேவித அசைவையே செய்கின்றனர். சில அவயவங்கள் களைக்கின்றன, மற்றவை சோம்பிக் கிடக்கின்றன. ஓடுதல், தாவுதல், வளைதல், மூச்சடக்குதல் ஆகிய யாவும் ஒருங்கே வாய்ப்பது விளையாட்டில்தான். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் தினந்தோறும் சராசரி 60 நிமிஷமேனும் நன்கு ஓடியாட வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் வெளியிட்ட ஆலோசனையாகும்.

இடமும் செலவும்

இதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. கோ-கோ ஆடுகளம் 27 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் உடையது. சடுகுடுக்கு 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் போதும். ஆகவே 30 மீட்டருக்கு 20 மீட்டர், அதாவது சுமார் 15 சென்ட் நிலத்தில், இரண்டையும் முறைவைத்து ஆடலாம். கோடு கிழிக்கச் சுண்ணாம்பும், கோ-கோவுக்கு இரு கம்பங்களும் தவிர வேறு கருவி வேண்டாம்.

விளையாட்டும் கூட்டுறவும்

கோ-கோவில் துரத்துபவர் நினைத்தபடி திரும்பி ஓடலாகாது. அமர்ந்திருக்கும் தோழரைப் பின்புறம் தொட்டு, "கோ" என்று சொல்லித் தம் வேலையை அவரிடம் ஒப்புவிக்க வேண்டும். தாமே எல்லாம் செய்ய முயல்பவர் தம் கட்சியைத் தோற்கடிப்பார். சடுகுடுவிலோ, ஆட்டமிழந்து வெளியே நிற்பவர், தம் கட்சியார் எதிரியை வீழ்த்தும்பொழுது மீண்டும் உள்ளே வருவர். ஒருவரது வெற்றி விழுந்தவரை எழுப்புகிறது. நம் சங்கத்தின் தத்துவமும் இதுவன்றோ? கபடி என்னும் பெயரால் இவ்விளையாட்டு 1990-இல் பீஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இடம்பெற்றது.

கவனிக்க வேண்டியவை

1. அறுவடைக் காலத்தில் பாடசாலைத் திடலை நெற்களமாக்குவதும், வைக்கோற்போர் போடுவதும், வண்டி நிறுத்துவதும் பிள்ளைகளின் உடைமையை அபகரிப்பதாகும். 2009-ஆம் வருஷத்திய கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணை பாடசாலைக்கு விளையாட்டு மைதானம் வேண்டுமென விதித்துள்ளது.

2. திடலை மலஜலம் கழிக்கும் இடமாக ஆக்கலாகாது. கொக்கிப்புழுவின் குஞ்சுகள் அசுத்தமான மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியே உடலிற் புகுந்து இரத்தசோகையை உண்டாக்கும்.

3. பெண் குழந்தைகளைக் கூட்டிப் பெருக்க அனுப்பிவிட்டு ஆண்பிள்ளைகளை மட்டும் ஆடவிடுவது அநீதி. வாரத்தில் சரிபாதி வேளை திடல் அவர்களுக்கு உரியதாக இருத்தல் வேண்டும்.

4. உச்சிவெயிலைத் தவிர்த்துக் காலையிலோ மாலையிலோ ஆடச் செய்க. அருகில் குடிநீரும் நிழலும் வேண்டும்.

சங்கம் செய்யக்கூடியது

மேற்படி சட்டத்தின் அட்டவணைப்படி, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேற்பட்டால்தான் தேகப்பயிற்சிக்குப் பகுதிநேரப் போதகர் உண்டு. சிறு கிராமப் பாடசாலைகளுக்கு அவ்வுதவி எட்டுவதில்லை. அக்குறையை ஊரார்தாம் நிரப்ப வேண்டும். ஆட்டம் அறிந்த அங்கத்தினர் இருவர், தலைமையாசிரியரின் சம்மதத்துடன், வாரம் இரு மாலை உதவலாம்.

பொருளுதவிக்கும் பழைய முன்மாதிரி உண்டு. 1912-ஆம் வருஷத்திய கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கைச் சேமநிதியிற் சேர்த்தபின், எஞ்சியதில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாமல், பதிவாளர் அனுமதியுடன், கல்வி முதலிய தருமங்களுக்கு வழங்க இடமளித்தது. இன்று விதிகள் மாகாணந்தோறும் வேறுபடுவதால், தத்தம் சங்கத்தின் துணைவிதிகளைப் பார்த்தே தீர்மானம் செய்க.

மாதக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. நம் பாடசாலைத் திடலின் எல்லை அளந்து கல் நாட்டப்பட்டுள்ளதா?
2. சென்ற மாதம் பெண் குழந்தைகள் எத்தனை நாள் அதில் ஆடினர்?
3. மாலைதோறும் உதவ முன்வரும் அங்கத்தினர் யாவர்?