உப்பளத்துக்குப் பக்கத்து வீட்டில் உப்புக் கணக்கு

எங்கள் ஊர் பெருமுக்கல்லில் உப்புக்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கிழக்கே மரக்காணம் அளங்கள். தை, மாசியில் பாத்தி கட்டினால் மழைக்கு முன்பு வரை வாரிக்கொண்டே இருப்பார்கள். தெரிந்தவர் ஒருவர் அளத்தில் இருந்தால் போதும், சாக்குப் பையில் கல்லுப்பு வீட்டுக்கே வந்துவிடும். இப்படிப்பட்ட ஊரில் எழுபதைத் தொடும் பிரஷர்காரி உப்பைக் குறைக்கிறேன் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

“தூளுப்புதான் கெடுதல் அத்தை, நம்ம கல்லுப்பு ஒண்ணும் செய்யாது” என்பாள் பக்கத்து வீட்டு மருமகள். கல்லுப்பு, தூளுப்பு, விலை கூடிய இந்துப்பு எல்லாமே பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். வயதாக ஆக ரத்தக் குழாய்கள் விறைத்துப்போகின்றன. அதனால் பிரஷரில் மேல் அளவு ஏறுகிறது. உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். பாரம் இதயத்தின் தலையில் விழும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு டீஸ்பூன் அளவு. குழம்பு, ரசம், பொரியல், ஊறுகாய், அப்பளம், கடை மிக்சர் எல்லாம் அந்த ஒரு ஸ்பூனுக்குள் அடங்க வேண்டும்.

நான் செய்வது இதுதான். காலையிலேயே ஆளுக்கு முக்கால் டீஸ்பூன் என்று அளந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவேன். அன்றைய சமையல் முழுக்க அதிலிருந்துதான். உப்பு ஜாடி பரணுக்குப் போய்விட்டது. சோற்றுக்கு உப்புப் போடுவதில்லை. குறைகிற ருசியைப் புளி, எலுமிச்சை, மிளகு, பூண்டு சரிக்கட்டும். முதலில் சப்பென்று இருக்கும். சில வாரத்தில் நாக்கு பழகிவிடும். அதற்குப் பிறகு கல்யாண வீட்டுச் சாம்பாரே கரிக்கும்.

கருவாடு? கடலோரத்துக்காரியிடம் அதை விடச் சொன்னால் நடக்குமா! வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசி, கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைப்பேன். குழம்புக்குத் தனி உப்பு கிடையாது. அப்படியும் உள்ளே இறங்கிய உப்பு முழுதாகப் போகாது என்பதால், எப்போதாவதுதான்.

இரண்டு எச்சரிக்கை. கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகைப் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. இன்னொன்று, நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கத்திரி வெயிலில் உப்பை அடியோடு நிறுத்தினால் தலைசுற்றி விழவும் கூடும்.

உப்பை விட்டாலும் மூட்டுவலி மாத்திரையை விடுவதில்லை எங்கள் வயதுக்காரர்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் பல வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், காலில் நீர் கோக்கச் செய்யும். டாக்டரிடம் போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள்.

நடைக்கு எங்கள் ஊர் மலையடிவாரம் இருக்கிறது. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். மேலே முக்தியாசலேசுவரரைப் பார்க்கப் படியேறும்போது மூச்சு வாங்கினாலோ நெஞ்சு பிடித்தாலோ அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். சாமி கோபித்துக்கொள்ளமாட்டார்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வரும் பெண் முதலில் கேட்பது, “பெரியம்மா, இப்பதான் காபி குடிச்சீங்களா?” ஆமாம் என்றால் அடுத்த வீட்டைப் பார்த்துவிட்டு அரை மணி கழித்து வருவாள். சாய்ந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்து, பேசாமல் இருந்து எடுத்தால்தான் அளவு சரியாக இருக்கும். அளவு இறங்கிவிட்டதென்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். இறங்கியதே மாத்திரையால்தான்.

வயதானவர்களுக்கும் சுகர்காரர்களுக்கும் மாரடைப்பு வலியில்லாமலும் வரும். திடீர் வியர்வை, மூச்சுத்திணறல், காரணமில்லாத அசதி, தாடையிலோ முதுகிலோ இறுக்கம் என்றால் வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். விடியட்டும் என்று மட்டும் படுத்துக்கொள்ளாதீர்கள்.