ஒளி உணரிக்கு ஏற்ற மின்வழங்கி

மூலக்குளத்தை அடுத்த மேட்டுப்பாளையம் போன்ற தொழிற்பேட்டைகளில், பட்டையில் நகரும் புட்டிகளை எண்ண ஒளி உணரி உதவுகிறது. உள்ளே டிரான்சிஸ்டர் இருப்பதால், பெரும்பாலும் 24 வோல்ட் நேர்திசை மின்சாரமே இதற்கு ஏற்றது; வீட்டின் 230 வோல்ட் அன்று.

மின்வழங்கியின் அளவைக் கணக்கிடுவோமா? உணரிக்கு 30 மில்லி ஆம்பியர், அது இயக்கும் ரிலேக்கு 40 எனக் கொள்வோம். நான்கு இணைகளுக்கு 280. 300 போதுமே என்பீர்கள். முழுச் சுமையில் ஓயாது உழைத்தால் சூடேறும். 500 வாங்குவதே நல்லது.

பழுப்புக் கம்பி நேர்முனைக்கு. நீலம் சுழி வோல்ட்டுக்கு. கறுப்புதான் செய்தி சொல்வது. பி.என்.பி. வகையில் ரிலேயைக் கறுப்புக்கும் நீலத்துக்கும் இடையில் இணையுங்கள், என்.பி.என். என்றால் பழுப்புக்கும் கறுப்புக்கும் இடையில். ரிலே இல்லாமல் அந்தக் கறுப்பை நேரே நேர்முனையில் இணைத்தால்? காப்பில்லாத உணரியானால், அது விழித்த கணமே டிரான்சிஸ்டர் எரிந்துபோகும்.