சைக்கிள் கடைப் பயிற்சி: கையில் ஏற வேண்டிய பாடங்கள்

நம் நாட்டின் எந்தக் கடைத்தெருவுக்குச் சென்றாலும், மரநிழலிலோ தகரக் கூரையின் கீழோ ஒரு சைக்கிள் கடையைக் காண்கிறோம். வாசலில் காற்றடிக்கும் பம்பு, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, கம்பியில் தொங்கும் பழைய டயர்கள், தரையில் பரப்பிய ஸ்பானர்கள். அவற்றின் நடுவே பெரும்பாலும் இருவர் இருப்பர். ஒருவர் தொழில் அறிந்தவர். வடநாட்டில் அவரை ‘உஸ்தாத்’ என்று மரியாதையாக அழைப்பர். மற்றவர் தொழில் கற்க வந்த இளைஞர். இந்த இருவருக்கும் இடையே நடைபெறும் கல்வி எத்தகையது, அது எப்போது முழுமை பெறுகிறது, எப்போது பாதியில் நின்றுவிடுகிறது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் கொள்வோம். சைக்கிளைத் தொழிற்சாலை மட்டும் செய்து முடிப்பதில்லை. 1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸும், 1951-இல் ஹரியானாவின் சோனிபட்டில் அட்லஸும், 1956-இல் பஞ்சாபின் லூதியானாவில் ஹீரோ சைக்கிள்ஸும் தோன்றின. உதிரி பாகத் தொழிலில் லூதியானா இன்றும் முன்னணியில் நிற்கிறது. ஆயினும் அங்கிருந்து வரும் சைக்கிள் பெரும்பாலும் பிரித்த நிலையிலேயே கடையை அடைகிறது. அதைப் பூட்டி, சக்கரத்தை நேராக்கி, பிரேக்கை அமைத்து, ஓடும் நிலைக்குக் கொண்டுவருவது கடைத் தொழிலாளியின் கை. ஆகவே அந்தக் கை சரியாகப் பயிற்றப்பட்டதா என்பது, அதில் ஏறிச் செல்லும் பள்ளி மாணவிக்கும் பால்காரருக்கும் உயிரோடு தொடர்புடைய கேள்வியாகும்.

முதற்பாடம்: பஞ்சர்

பயிற்சிக்கு வருபவரிடம் முதலில் ஒப்படைக்கப்படுவது பஞ்சர் வேலை. இதை எளிய வேலை என்று எண்ணுவது தவறு. டயரைக் கழற்றத் திருப்புளியைப் பயன்படுத்தினால் அதன் கூர்முனை டியூபைக் கிழித்துவிடும். அதற்கென உள்ள மழுங்கிய நெம்புகோலையே பயன்படுத்த வேண்டும். காற்றேற்றிய டியூபைத் தண்ணீரில் சிறிது சிறிதாக அமிழ்த்திக் குமிழி எழும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்விடத்தைத் துடைத்து உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிதாகப் பூசி, அது ஈரம் நீங்கிப் பிசுபிசுப்பு நிலைக்கு வரும்வரை காத்திருந்து, பிறகே ஒட்டுத் துண்டை அழுத்த வேண்டும். இந்தக் காத்திருப்பே இளைஞர்களுக்குக் கடினமான பகுதி. ஈரத்திலேயே ஒட்டியது மறுநாள் பெயர்ந்து வரும்.

இவ்வளவும் செய்தபின் வேலையில் பாதியே முடிந்திருக்கிறது. டியூபைத் துளைத்த முள் இன்னும் டயரின் உட்புறத்தில் இருக்கக்கூடும். டயரின் உட்பக்கம் முழுவதையும் விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தல், ஸ்போக்ஸ் முனைகள் ரிம்மின் உட்புறம் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என நோக்குதல், ரிம் பட்டை விலகியுள்ளதா எனக் காணுதல் ஆகியவை மறுபாதி. துளை டியூபின் வெளிப்புறத்தில் இருந்தால் குற்றவாளி சாலையில் கிடந்த பொருள். உட்புறத்தில் இருந்தால் குற்றவாளி ரிம்மிலேயே இருக்கிறது. துளையை மூடுபவர் உதவியாளர். துளையின் காரணத்தைத் தேடுபவரே தொழிலாளி. இந்த வேறுபாட்டை முதல் மாதத்திலேயே உணர்த்தும் கடை நல்ல கடை.

இரண்டாம் பாடம்: குண்டும் கோனும்

அடுத்த படி, அச்சுப் பகுதிகளைப் பிரித்துப் பூட்டுதல். வழக்கமான கறுப்புச் சைக்கிளின் முன்சக்கர அச்சில் பக்கத்துக்கு 10 குண்டுகள். ஒவ்வொன்றும் 3/16 அங்குலம். பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9. ஒவ்வொன்றும் 1/4 அங்குலம். தொழிலாளர் வழக்கில் இவற்றுக்கு ‘பால்ரஸ்’ என்று பெயர். பிரித்த குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு குண்டு தேய்ந்திருந்தால் அப்பக்கத்துக் குண்டுகள் அனைத்தையும் மாற்றுவதே முறை. பழையதும் புதியதும் கலந்தால் சுமை முழுவதும் பெரிய குண்டுகளின் மீது விழுந்து, கப்பும் கோனும் சீக்கிரம் குழிவிடும்.

கோனை இறுக்குவதில்தான் கைப்பக்குவம் வெளிப்படுகிறது. மிக இறுக்கினால் சக்கரம் கடினமாகச் சுழலும், தளர்த்தினால் ஆடும். இதற்குப் பழைய தொழிலாளர் கையாளும் சோதனை ஒன்று உண்டு. சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, வால்வை ஒரு பக்கமாக நிறுத்தி விட்டுவிடுவர். கோன் சரியாக அமைந்திருந்தால் வால்வின் சிறு எடையே சக்கரத்தைச் சுழற்றி, வால்வு தானாகக் கீழே வந்து நிற்கும். அளவுகோல் இன்றி நுண்ணிய அளவை அறியும் வழி இது.

இந்நிலையில் பலரும் செய்யும் பிழை ஒன்றையும் குறிப்பிடுவோம். இடப்பக்கப் பெடலின் மரை மாறுதிசை மரை. அதைக் கழற்ற வலப்புறமாகத் திருப்ப வேண்டும். மிதிக்கும்போது பெடல் தானாகக் கழன்று வராமல் இருப்பதற்காகவே இவ்வமைப்பு. இதை அறியாமல் வலிமை காட்டினால் கிராங்கின் மரை அழியும்; ஒரு நிமிட அவசரம் ஒரு கிராங்கின் விலையாகும்.

மூன்றாம் பாடம்: சக்கரத்தின் கோட்டம் எடுத்தல்

வழக்கமான சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 ஸ்போக்ஸ் கம்பிகள். இவை ரிம்மைத் தாங்கி நிற்கும் தூண்கள் என்று எண்ணுகிறோம். உண்மையில் இவை எல்லாத் திசையிலிருந்தும் ரிம்மை இழுத்துப் பிடிக்கும் கயிறுகள் போன்றவை. வலப்பக்கக் கம்பியை இறுக்கினால் ரிம் வலப்பக்கம் வரும். இடப்பக்கக் கம்பியை இறுக்கினால் இடப்பக்கம் வரும். ஆகவே கோட்டம் எடுப்பது என்பது, ஒரு பக்கத்தைச் சிறிது இறுக்கி எதிர்ப்பக்கத்தைச் சிறிது தளர்த்தும் சமன்பாட்டு வேலை.

சக்கரத்தைச் சுழலவிட்டு, கவட்டையோடு சேர்த்துப் பிடித்த சாக்குக் கட்டியை ரிம்மின் அருகே கொண்டுசென்றால், வளைந்த இடம் தன் மீது கோடு வாங்கிக்கொள்ளும். அந்த இடத்து நிப்பிள்களைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், மீண்டும் சுழற்றிப் பார்த்து, மீண்டும் கால் சுற்று என்று முன்னேற வேண்டும். கம்பிகளை விரலால் தட்டிப் பார்த்தால் இறுக்கமானது கூர்மையாகவும் தளர்ந்தது மந்தமாகவும் ஒலிக்கும். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிப்பதே நல்ல சக்கரத்தின் அடையாளம். இந்தப் பாடத்தைச் சொல்லால் கற்பிக்க இயலாது. உஸ்தாத் அருகில் இருக்க, பயிற்சியாளர் பல சக்கரங்களைக் கெடுத்துத் திருத்தினால்தான் கை பழகும். பழைய ரிம் ஒன்றை இதற்கென ஒதுக்கித் தரும் கடைக்காரர் பெருந்தன்மையுடையவர்.

நான்காம் பாடம்: கணக்கு

தொழிலாளிக்கு எண்ணும் எழுத்தும் வேண்டும். ஒரு சைக்கிளின் முன்பல்சக்கரத்தில் 44 பற்களும் பின் பிரீவீலில் 18 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். 44-ஐ 18-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.44. பெடலை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் அத்தனை முறை சுற்றும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.23 மீட்டர். எனவே ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் நகரும். சுமையேற்றி மேட்டில் செல்பவர் தம் வண்டி கனமாக இருக்கிறது என்று முறையிட்டால், 20 பற்கள் கொண்ட பிரீவீலைப் பரிந்துரைக்க இக்கணக்கு போதும்.

செயினுக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு கண்ணியின் நீளம் அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அது 12 அங்குலமும் எட்டில் ஒரு பங்கும் ஆகிவிட்டால் செயின் தேய்ந்துவிட்டது. மாற்றாவிடில் பற்சக்கரங்களையும் தேய்க்கும். இந்த அளவைக் காட்டிச் சொன்னால் வாடிக்கையாளர் நம்புவார். வெறுமனே ‘மாற்ற வேண்டும்’ என்றால் ஐயுறுவார்.

கற்பிக்கப்படாத பயிற்சியாளர்

இனிக் கடினமான செய்திக்கு வருவோம். மூன்றாண்டுகள் ஒரு கடையில் இருந்தும் பஞ்சர் ஒட்டுவதையும் காற்றடிப்பதையும் தவிர வேறொன்றும் அறியாத இளைஞர்களை நாம் காண்கிறோம். இதற்குக் காரணம் அவர்களுடைய சோம்பல் மட்டுமன்று. ‘கோட்டம் எடுக்கக் கற்றுக்கொடுத்தால் எதிர்ச்சாரியிலேயே கடை போட்டுவிடுவான்’ என்ற அச்சம் பல உஸ்தாத்களின் உள்ளத்தில் உண்டு. அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடுவதற்கில்லை. ஒரு தெருவின் வருமானம் இரண்டு கடைகளுக்குப் போதாமல் இருக்கலாம்.

ஆனால் மறைத்து வைப்பதால் வரும் இழப்பும் சிறியதன்று. கோட்டம் எடுக்கத் தெரிந்த இரண்டாவது கை இருந்தால், ஒரே நாளில் இரண்டு வண்டிகளை ஓவராயில் செய்து தரலாம்; ஒருவர் நோயுற்றாலும் கடை மூடப்படாது. கியர் சைக்கிளும் டிஸ்க் பிரேக்கும் பரவிவரும் இக்காலத்தில், உஸ்தாத் கற்காத சிலவற்றை இளைஞர் கற்று வரவும் கூடும். அச்சத்துக்கு மருந்து முன்கூட்டிய பேச்சே. எத்தனை ஆண்டுப் பயிற்சி, மாதந்தோறும் எவ்வளவு உதவித்தொகை, எந்த ஆண்டில் எந்த வேலை கற்பிக்கப்படும், பயிற்சி முடிந்தபின் எவ்வளவு காலம் கூலிக்கோ பங்குக்கோ அக்கடையிலேயே பணிபுரிய வேண்டும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, இரு தரப்பினரும் ஒப்பமிட்டு வைத்துக்கொள்ளலாம்.

சட்டத்தின் நிலையையும் அறிந்திருப்போம். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சியாளர் சட்டமும் அதன் விதிகளும் 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்குப் பயிற்சியாளரைச் சேர்ப்பதைக் கட்டாயமாக்குகின்றன. 4 முதல் 29 பேர் உள்ள இடங்களுக்கு அது விருப்பம். இருவர் மட்டும் உள்ள கடை இவ்வரம்புக்குள் வருவதில்லை. எனவே அங்குக் கற்றவருக்குச் சான்றிதழ் கிடைப்பதில்லை. இக்குறையை ஓரளவு போக்கவே, முன்பே பெற்ற திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாடு அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. மேலும், 14 வயது நிறையாதவரைப் பணியில் அமர்த்துவது சட்டப்படி குற்றம். பள்ளி நேரம் போகத் தம் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு உண்டு. பயிற்சி என்ற பெயரால் பள்ளியைப் பறிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

கடையிலிருந்து கடைக்கு

பயிற்சி முடித்தவருக்குத் திறன் இருக்கும், முதல் இராது. ஆகவே சேமிப்பு பயிற்சியின் முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும். நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம் மாதத்தில் 25 நாட்கள் ஒதுக்கினால் 500 ரூபாய்; ஆண்டுக்கு 6,000; மூன்றாண்டில் 18,000 ரூபாயும் அதற்கான வட்டியும். ஒரு தொகுதி ஸ்பானர், பம்பு, தொடக்க உதிரி பாகங்கள் ஆகியவற்றுக்கு இது அடித்தளம். எஞ்சிய தேவைக்கு, 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பெற்ற பிரதமரின் முத்ரா திட்டத்தில் ‘சிசு’ பிரிவின் கீழ் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் கோரலாம். கடன் கேட்டு வருபவரிடம் வங்கி அலுவலர் முதலில் பார்ப்பது ஒழுங்கான வரவுசெலவுப் பழக்கத்தையே. உதவித்தொகையைக் கணக்கில் செலுத்திவந்த மூன்றாண்டுப் பதிவு, பல சொற்களால் ஆகாததைச் செய்யும்.

பயிற்சி நிறைவுற்றது என்பதை எவ்வாறு அறிவது? நல்ல கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்த வண்டியை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் முன், வேலை செய்தவரே அதில் ஏறிச் சிறிது தூரம் ஓட்டி, இரு பிரேக்குகளையும் அழுத்திப் பார்ப்பார். தாம் இறுக்கிய நட்டின் மீது தம் உடலையே நம்பி ஏற்றும் அந்த நேரத்தில், பயிற்சியாளரின் முகத்தில் தயக்கம் இல்லாதிருந்தால், உஸ்தாத் தம் கடமையைச் செய்துவிட்டார் என்று நாம் கொள்ளலாம்.