வேரிகோசீல்: கத்திக்கு முன் ஒரு கணக்கு

கல்யாணமாகி ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லையென்றால் கணவன் மனைவி இருவரும் ஒரே சமயத்தில் பரிசோதனைக்குப் போகவேண்டும். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே போகலாம். நம் வீடுகளிலோ ஸ்கேன், ஹார்மோன், குழாய் எக்ஸ்ரே என்று மனைவியை அலையவிட்ட பிறகுதான் கணவர் வருவார், அவருக்கு ஒரு குப்பியில் முடிகிற சோதனைக்கு.

இந்த ஓராண்டுக் கணக்கில் சேர்ந்திருந்த மாதங்கள் மட்டுமே சேரும். ஞாயிறு மாலை சிங்கப்பூரின் தேக்காவில் கூடும் வெளிநாட்டு ஊழியர் பலருக்கு மனைவி ஊரில். கல்யாணமாகி நான்கு வருடமானாலும் கூடியிருந்தது விடுப்பு நாட்களில்தான். அவர்கள் முதலில் செய்யவேண்டியது, விடுப்பை மனைவியின் கருத்தரிக்கும் நாட்களோடு பொருத்துவது. ஆண்மைக்கென விற்கும் லேகிய டப்பா அடுத்த பேச்சு. என்னைக் கேட்டால் அது வேண்டவே வேண்டாம்.

விந்துப் பரிசோதனைக்கு இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டுப் போங்கள். வழுவழுப்புக்கு எண்ணெயோ களிம்போ கூடாது. முதலில் வரும் துளிகளில்தான் விந்தணு அதிகம், அது சிந்தினால் ஆய்வுக்கூடத்தில் சொல்லிவிடுங்கள். வீட்டில் எடுத்தால் குப்பியை உடல்சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டுப்படி ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி அணுக்கள் கீழ் எல்லை. அதற்குக் குறைந்தால் பதறாமல், சில வாரம் விட்டு மறுபடி பாருங்கள். ஒரு காய்ச்சல்கூட எண்ணிக்கையை இறக்கிவிடும். ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுபவர் அதை மருத்துவரிடம் மறைக்கவேண்டாம். உடம்பு தேறினாலும் விந்தணு உற்பத்தியை அது நிறுத்திவிடக்கூடும்.

இரண்டாம் முறையும் குறைவா? குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கி அரசு மருத்துவமனையின் சிறுநீர்ப்பாதையியல் (யூராலஜி) நிபுணரைப் பார்த்தால் சலுகைக் கட்டணம். லிட்டில் இந்தியா பக்கமிருப்பவர்களுக்குச் சிராங்கூன் சாலையிலேயே காலாங் பலதுறை மருந்தகம் இருக்கிறது. நிபுணர் உங்களை நிற்கவைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லி, விரைப்பையைத் தொட்டுப் பார்ப்பார். கையில் புழுமூட்டை போலத் தட்டுப்படும் புடைத்த நாளங்கள்தான் வேரிகோசீல். பெரும்பாலும் இடப்பக்கம், ஏனெனில் அப்பக்க நாளம் நீண்டு ஏறிச் சிறுநீரக நாளத்தில் செங்கோணமாய்ச் சேர்கிறது. வால்வு தளர்ந்தால் இரத்தம் தேங்கி, உடலைவிடக் குளிர்ந்திருக்கவேண்டிய விரை சூடேறும். வலப்பக்கம் மட்டும் திடீரென வந்தாலோ, படுத்தாலும் வடியாவிட்டாலோ வயிற்று ஸ்கேன் கேளுங்கள்.

ஆண்களில் சுமார் 15 விழுக்காட்டினருக்கு இது உண்டு, அவர்களில் பெரும்பாலோர் அப்பாவானவர்களே. ஆகவே கையில் தட்டுப்படாமல் ஸ்கேனில் மட்டும் தெரிவதற்குக் கத்தி தேவையில்லை. தொட்டால் தெரியவேண்டும், விந்து அறிக்கையும் குறைவாக இருக்கவேண்டும், மனைவியின் கருத்தரிக்கும் திறனும் சரியாக இருக்கவேண்டும். மூன்றும் பொருந்தினால்தான் அறுவையைப் பற்றிப் பேசலாம்.

நுண்ணோக்கி வைத்துச் செய்கிறார்களா என்று கேளுங்கள். கவட்டையருகே சிறிய வெட்டு; தமனியையும் நிணநீர்க் குழாய்களையும் காத்து, புடைத்த நாளங்களை மட்டும் கட்டுவார்கள். அதனால் மறுபடி புடைப்பதும் நீர் கோப்பதும் குறைவு. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம், பாரம் தூக்குவது மட்டும் சில வாரத்துக்குக் கூடாது. மெடிசேவ் மருத்துவச் சேமிப்பில் எவ்வளவு கழியும் என்று மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள். எனவே அறுவைக்குப் பின் மூன்றாம் மாதம் முதல் சோதனை, ஆறாம் மாதம் இன்னொன்று. சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு எண்கள் ஏறும், ஆனால் எண் ஏறியவர்கள் எல்லாருக்கும் குழந்தை என்று சொல்லமுடியாது. மனைவிக்கு 37, 38 என்றால் இந்தக் காத்திருப்பே விலையுயர்ந்தது. அப்படியானால் கேகே மருத்துவமனையின் ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) மையத்தில் ஆலோசனைக்கு இப்போதே நாள் வாங்குங்கள். இந்தச் சிகிச்சைக்கான அரசின் கூட்டு நிதியுதவிக்கு மனைவியின் வயது 40க்குள் இருக்கவேண்டும் என்பது பொதுவிதி.