சுவர் அலமாரிக்கு ஏற்ற அறை அளவு

சிறு வீடு கட்டுவோர் பலரும் அறைகளை முதலில் வகுத்துக் கொள்கின்றனர்; துணிமணிகளை எங்கே வைப்பது என்ற வினா குடிபுகுந்த பின்னரே எழுகின்றது. அப்பொழுது பீரோ சன்னலை மறைக்கின்றது. அல்லது கட்டிலை நகர்த்தினாலன்றி அதன் கதவு திறப்பதில்லை. சுவர் எழுந்த பின் இக்குறையை நீக்குதல் அரிது. வானம் தோண்டுமுன் சிறிது நேரம் கணக்கிட்டால் இக்குறை நேராது. அக்கணக்கை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடத்தின் அருமை

பழைய வீடுகளில் விளக்கிற்கு மாடமும், பாத்திரங்களுக்குப் பரணும், துணிக்குக் கொடியும் வீட்டோடு சேர்ந்தே அமைந்திருந்தன. இன்றைய வீடுகளிலோ இடம் சுருங்கியுள்ளது. 2016-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் வீட்டின் குறைந்த அளவுப் பரப்பு 25 சதுர மீட்டர். அதாவது ஏறக்குறைய 269 சதுர அடி. 2024-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் அது 360 சதுர அடி. ஆறரை அடி நீளமும் 2 அடி ஆழமும் உள்ள அலமாரி ஒன்று 13 சதுர அடியைக் கொள்ளும். 269 சதுர அடி வீட்டில் இஃது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகும். ஆதலின், இவ்விடத்தை முன்னரே எண்ணி ஒதுக்குதல் வேண்டும்.

அலமாரியின் ஆழம்

சட்டைகளையும் சேலைகளையும் தாங்கியில் மாட்டித் தொங்கவிட விரும்பினால், கதவு உட்பட 2 அடி ஆழம் தேவை. மடித்து அடுக்குவதே வழக்கமாயின் ஒன்றரை அடி போதும். நம் கிராமங்களில் வேட்டி, சேலை முதலியவற்றை மடித்து வைப்பதே பெருவழக்கு. ஆகவே, தேவையின்றி ஆழத்தைக் கூட்டி அறையைக் குறைத்துக் கொள்ளலாகாது.

9 அங்குலச் சுவரைக் குடைந்து அலமாரி அமைத்தால் நாலரை அங்குல ஆழமே கிடைக்கும், சுவரும் வலுக்குன்றும். அங்கு விளக்கோ சிறு புட்டிகளோ வைக்கலாமேயன்றித் துணி வைத்தல் இயலாது.

மகளின் திருமணத்திற்கோ பிறகோ இரும்பு பீரோ வாங்கும் எண்ணமுள்ளோர் அதற்கும் இடம் விடுதல் நன்று. வழக்கமான பீரோ ஏறக்குறைய ஆறரை அடி உயரமும், 3 அடி அகலமும், ஒன்றரை அடிக்குச் சற்று மேற்பட்ட ஆழமும் உடையது.

கணக்கிடும் முறை

வரைபடத்தில் அறையின் அளவு 10 அடிக்கு 10 அடி என்றிருக்கலாம். அது சுவரின் நடுக்கோட்டிலிருந்து எதிர்ச்சுவரின் நடுக்கோடு வரை உள்ள அளவா, உள்ளளவா என்பதை முதலில் கேட்டறிக. நடுக்கோட்டு அளவாயின், 9 அங்குலச் சுவர்களுக்கிடையே 9 அடி 3 அங்குலமே எஞ்சும். இருபுறமும் அரை அங்குலம் பூசினால் 9 அடி 2 அங்குலம்.

இனி, அலமாரியிலிருந்து எதிர்ச்சுவர் வரை வேண்டிய அளவுகளைக் கூட்டுவோம். அலமாரிக்கு 2 அடி; கதவைத் திறந்து நின்று துணி எடுக்க 3 அடி; கட்டிலின் அகலம் 4 அடி. ஆக 9 அடி. இவ்வறையில் 2 அங்குலம் மிகுதியாகவே உள்ளது.

அதே கட்டிலைத் திருப்பி அதன் நீளம் அலமாரியை நோக்குமாறு போட்டால் என்னாகும்? கட்டிலின் நீளம் ஆறரை அடி. அலமாரியுடன் சேர்ந்து எட்டரை அடி. எஞ்சுவது 8 அங்குலமே. அதில் ஒருவர் நிற்கவும் இயலாது. அறை ஒன்றே, கட்டில் கிடக்கும் திசையால் பயன் மாறுகின்றது.

5 அடி அகலக் கட்டிலாயின், 2 அடி அலமாரிக்கு முன்னே 2 அடி 2 அங்குலமே எஞ்சும். ஆழத்தை ஒன்றரை அடியாகக் குறைத்தால் 2 அடி 8 அங்குலம் கிடைக்கும். அஃது ஒருவாறு போதும்.

கதவும் சன்னலும்

அறை மூலையிலிருந்து நாலரை அங்குலம் விட்டுக் கதவு நிலையை நிறுத்துவது கொத்தனார்களின் வழக்கம். அம்மூலையை ஒட்டிய பக்கச் சுவரில் அலமாரி வருமாயின், அது வாசலை மறைக்கும். எனவே, அலமாரியின் ஆழத்தோடு 4 அங்குலம் கூட்டி, அவ்வளவு தள்ளி நிலையை நிறுத்துக. 2 அடி அலமாரிக்கு 2 அடி 4 அங்குலம் எனக் கொள்க. சன்னலுக்கும் இவ்விதியே பொருந்தும். இதனால் செலவு கூடுவதில்லை. முன்னரே சொல்லிவிடுதல் ஒன்றே வேண்டுவது.

ஈரமும் கரையானும்

குளியலறைச் சுவரையும், மழைச்சாரல் மிகுதியாக அடிக்கும் வெளிச்சுவரையும் தவிர்த்து, இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரைத் தேர்ந்தெடுத்தல் நலம். தரை கழுவும் நீர் படாதிருக்க, அடித்தட்டைத் தரையினின்று 4 அங்குலம் உயர்த்துக. தட்டுகளுக்கு மரத்திற்குப் பதில் கடப்பைக் கல்லைப் பயன்படுத்தினால் கரையான் அரிக்காது. நீண்ட கல் பாரம் தாங்காது முறியக்கூடுமாதலால், 3 அடிக்கு ஒரு தாங்கு சுவர் வைத்தல் வேண்டும். தட்டுகளுக்கிடையே 12 முதல் 14 அங்குலம் இடைவெளி போதும். நாள்தோறும் எடுக்கும் பொருள்களை 6 அடி உயரத்திற்கு மேல் வைத்தலாகாது. வீட்டில் மிகக் குட்டையான பெரியவருக்கு எட்டும் உயரமே சரியான உயரம்.

தரையில் ஒரு சோதனை

இக்கணக்கைச் சரிபார்க்கச் செலவில்லாத வழி ஒன்றுண்டு. மனையில் நூல் பிடித்து, அறையின் உள்ளளவைச் சுண்ணாம்புப் பொடியால் கோடிடுக. அலமாரியின் இடத்தையும் கதவின் இடத்தையும் குறித்து, வீட்டிலுள்ள கட்டிலையே கொணர்ந்து அதனுள் போடுக. பின்னர் வீட்டுப் பெண்களை அழைத்து, வாசல் வழியே நுழைந்து அலமாரி முன் நின்று பார்க்கச் சொல்லுக. அவ்வறையில் நாள்தோறும் புழங்குவோர் அவர்களே. குறை இருப்பின் அவர்கள் கண்ணுக்கு முதலில் தெரியும். கோட்டை அழித்து மறுபடி வரையச் சிறிது நேரம் போதும். கட்டிய சுவரை இடித்துக் கட்டவோ பலநாள் உழைப்பும் பொருளும் வேண்டும். ஆகவே, கோடு கோடாக இருக்கும்பொழுதே திருத்திக் கொள்வோமாக.